அம்ப்பை 2,300 டொலருக்குக் கொடுக்கலாமா, கடைக்கு மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் தம்பி. எனக்கு 63 வயது. ஸ்காபரோவில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு மனைவியும் நானும் சிறிய அப்பார்ட்மென்ட் ஒன்றுக்குப் போகிறோம். 2012இல் 4,800 டொலர் கொடுத்துப் புதிதாக வாங்கிய பிரைஸ்டன் 4பி எஸ்எஸ்டி² ஸ்டீரியோ பவர் அம்ப் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கி அனுப்பும் கருவி) என்னிடம் இருக்கிறது. புது இடத்தில் அதன் சத்தத்தில் கால்வாசிகூட வைக்க முடியாது. விளம்பரம் பார்த்து ஒருவர் 2,300 தருகிறேன் என்கிறார். ஒரு கடையில் 1,600க்கு எடுத்துக்கொண்டு, 2,800 டொலர் பெறுமதியான சிறிய அம்ப் ஒன்றைத் தருகிறார்களாம். மச்சானோ, "வைத்திரு, பழைய சாமானுக்கு விலை ஏறும்" என்கிறார். கிரெடிட் கார்டில் 3,400 டொலர் கடன் இருக்கிறது, வட்டி 19.99 வீதம். விற்றால் வரி கட்ட வேண்டுமா? என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணா, விற்றுவிடுங்கள். கடைக்கு வேண்டாம், அந்த மனிதருக்கே கொடுங்கள். ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் ஆயத்தம் இருக்கிறது.

கடைக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஒன்ராறியோவில் பழைய பொருளைக் கொடுத்துப் புதியதை வாங்கினால், மிச்சத் தொகைக்கு மட்டும்தான் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி. 2,800இல் 1,600 போக 1,200. அதற்கு 13 வீதம் 156. ஆக நீங்கள் கட்டுவது 1,356. வரியில் மிச்சமான 208ஐயும் சேர்த்தால் கடை உங்களுக்குத் தரும் உண்மையான விலை 1,808 என்று சொல்லலாம். அப்போதும் 2,300க்கு ஏறத்தாழ 500 டொலர் குறைவு. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த 1,356 எங்கிருந்து வரும்? கார்டிலிருந்துதானே. கடைவழி போனால் உங்கள் கடன் 4,756 ஆகும். நேரடியாக விற்றுக் காசைக் கார்டில் போட்டால் 1,100க்கு இறங்கும். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தூரத்தைப் பாருங்கள்.

மச்சான் சொல்வது எல்லா அம்ப்புக்கும் பொய்யில்லை. சில பழைய மாடல்களைத் தேடி அலைந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையதன் கதை வேறு. பிரைஸ்டன் தன் அனலொக் கருவிகளுக்கு 20 வருட உத்தரவாதம் கொடுக்கிறது. உதிரிப்பாகம், கூலி இரண்டும் அதில் அடக்கம். கை மாறினாலும் உத்தரவாதம் கூடவே போகும். செகண்ட் ஹாண்டில் வாங்குகிற ஒருவர் இந்தப் பெயருக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறாரென்றால் பாதிக் காரணம் இதுதான். இன்று விற்றால் அவருக்குச் சில வருட நிம்மதியையும் சேர்த்து விற்கிறீர்கள். 2032க்குப் பிறகு விற்றால் வெறும் இரும்புப் பெட்டியையும் உள்ளே முதுமையடைந்த கப்பாசிற்றர்களையும் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகங்களையும்) விற்கிறீர்கள். அதற்கிடையில் கார்டில் கிடக்கும் 2,300க்கு வருடம் 460 டொலர் வட்டி போய்க்கொண்டிருக்கும். மச்சான் சொல்லும் விலையேற்றம் இந்த வட்டியை முந்த வேண்டும். முந்தாது.

4,800 கொடுத்தது மனதில் குத்தும், தெரியும். ஆனால் வாங்க வருகிறவருக்கு அந்த எண்ணில் அக்கறை இல்லை. விளம்பரத்தில் "நான் கொடுத்தது இவ்வளவு" என்று எழுதாதீர்கள். பழைய ஓடியோ கருவிகள் விற்கும் கனக் ஓடியோ மார்ட் இணையத்தளத்தில் இதே மாடல் விற்றுப்போன விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. பல நாளாகத் தூங்கும் விளம்பரங்களை விலைக்கு அளவுகோலாக எடுக்க வேண்டாம்.

இனி ஆயத்தம். அம்ப்பின் பின்பக்கத்தில் இருக்கும் தொடர் எண்ணை எழுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். "இதற்கு உத்தரவாதம் எந்தத் திகதிவரை" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலை அச்செடுத்து 2012 ரசீதோடு வைத்தால் 2,300இலிருந்து இறங்கிக் கேட்கிற வாய் பாதி அடங்கும். ஒரு சனலில் (இடது அல்லது வலது பக்கத்தில்) இரைச்சலோ சத்தக் குறைவோ இருந்தால் விற்க முன்னரே கவனியுங்கள். தொழிற்சாலை பீற்றர்பரோவில்தான் இருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறி 115இல் திரும்பினால் ஒன்றரை மணி நேரம். முன்கூட்டிக் கதைத்து நேரம் எடுத்துக்கொண்டு போங்கள். உத்தரவாதம் இருக்கிற பொருளைப் பழுதோடு விலை குறைத்து விற்பது கையிலிருக்கும் காசைக் கீழே போடுவது.

ஆள் பார்க்க வரும்போது அம்ப்பை ஒரு மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். சூடேறிய பிறகு எப்படி இருக்கிறது என்றுதான் விஷயம் தெரிந்தவர் பார்ப்பார். எட்டு ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில் ஒரு சனலுக்கு 300 வாட் கொடுக்கும் கருவி இது. வீட்டில் அதை நிரூபிக்கத் தேவையில்லை. ஸ்பீக்கரில் பாட்டே இல்லாமல் காதை வைத்து, இரைச்சல் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு இடது, வலது இரண்டும் ஒரே அளவில் வருகிறதா என்று பார்க்கட்டும். ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் என்ற இரண்டு வகை வயர் சொருகும் உள்ளீட்டையும் காட்டுங்கள். வயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அம்ப்பை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். அவசரத்தில் அவர் கை வைத்து ஸ்பீக்கர் பழுதானால் அது உங்கள் தலையில்தான் விழும். மற்றது, பாரம். அவரையே இன்னொரு ஆளைக் கூட்டிவரச் சொல்லுங்கள். 63 வயதில் முதுகு பிடித்தால் 2,300 போதாது.

தூர இடத்து ஆள் "அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கனடா போஸ்ட் 30 கிலோவுக்கு மேல் பார்சல் எடுக்காது. பெட்டியும் பஞ்சும் சேர்த்து நிறுத்தால் அந்த எல்லை பக்கத்தில் வந்துவிடும். மற்றக் கம்பனிகள் எடுக்கும், ஆனால் மூலை நசுங்கி வந்தால் காப்புறுதிக்காக அலைவது நீங்கள்தான். யாழ்ப்பாணத்தில் யாரோ கேட்கிறார்கள் என்று கப்பல் பெட்டியில் போடும் யோசனையும் வேண்டாம். இங்கே 120 வோல்ட், அங்கே 230. மாற்றாமல் சொருகினால் கதை முடிந்தது.

காசு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாக இருங்கள். இன்டெராக் இ-ட்ரான்ஸ்ஃபர் என்றால் ஓட்டோ டெபொசிட் (காசு தானாகவே கணக்கில் ஏறும் வசதி) போட்டுவைத்து, உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மீதியில் 2,300 ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே அம்ப்பைக் கதவுக்கு வெளியே விடுங்கள். அவர் காட்டும் ஃபோன் திரையோ உங்களுக்கு வரும் மின்னஞ்சலோ காசு அல்ல. பல வங்கிகளில் ஒரு நாளைக்கு 3,000 டொலர்வரை அனுப்பலாம், ஆகவே "இன்று பாதி, நாளைக்குப் பாதி" என்ற கதைக்கு இடமில்லை. பாங்க் டிராஃப்ட் கொண்டுவந்தால் அவருடைய கிளைக்கே இருவரும் போய், அங்கே உங்கள் கண்முன் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போலி டிராஃப்ட் சில நாள் கழித்துத் திரும்பி வரும், அம்ப் திரும்பி வராது. கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

வரி? சொந்தப் பாவனைப் பொருள் இது. வாங்கியதைவிடக் குறைவாக விற்கிறீர்கள், ஆதாயம் இல்லை, சி.ஆர்.ஏ.க்கு (கனடா வருமான வரித் துறைக்கு) கட்ட ஒன்றுமில்லை. அந்த 2,500 டொலர் நட்டத்தை வேறு ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது. ஓவியம், நகை, முத்திரை, நாணயம் போன்ற ஒரு சிறு பட்டியலுக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் அதே வகை ஆதாயத்தில் மட்டும். தனியாள் விற்பதால் எச்.எஸ்.டி.யும் வாங்கத் தேவையில்லை. ஒரேயொரு கேள்வி: கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று மண்டபங்களுக்கு ஒலியமைப்புச் செய்து, இந்த அம்ப்புக்கு வரிப் படிவத்தில் தேய்மானம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் இந்தப் பந்தி உங்களுக்கல்ல, கணக்காளரிடம் போங்கள்.

காசு வந்த அன்றே கார்டில் போடுங்கள், சேமிப்புக் கணக்கில் ஓய்வெடுக்க விடாதீர்கள். மிஞ்சும் 1,100ஐ மாதம் 200 வீதம் கட்டினால் ஆறு மாதத்தில் வட்டியோடு தீர்ந்துவிடும். அதுவரை பாட்டுக் கேட்க ஒரு அம்ப் வேண்டும்தான். இரண்டு, மூன்று நூறு டொலருக்குள் நல்ல பழைய இன்டக்ரேட்டட் அம்ப் (சத்தக் கட்டுப்பாடும் பவர் அம்ப்பும் ஒரே பெட்டியில் உள்ளது) கிடைக்கும், அப்பார்ட்மென்டுக்கு அது தாராளம். உங்கள் ஸ்பீக்கர் நாலு ஓமா, எட்டு ஓமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.