பத்து சென்ட் எங்கிருந்து வருகிறது? ஸ்டாக் படம் விற்பவர்களின் கேள்விகள்

பலர் எடுத்த படங்களைச் சேர்த்து வைத்து, லைசென்ஸ் கொடுத்து விற்கும் ஸ்டாக் தளங்களில் (இவற்றையே ஏஜென்சி என்றும் சொல்வார்கள்) படம், வெக்டர், வீடியோ ஏற்றி விற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றிலிருந்து சில. இங்கே வரும் விகிதங்கள் நிறுவனங்களே அறிவித்தவை. அவற்றை மாற்றும் உரிமையும் ஒப்பந்தப்படி அவர்களிடமே இருக்கிறது. அதனால் முடிவெடுக்கும் முன் உங்கள் கணக்கில் உள்ள கட்டணப் பக்கத்தை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஷட்டர்ஸ்டாக்கில் ஒரே படத்துக்கு ஒரு நாள் 10 சென்ட், மறுநாள் 40 சென்டுக்கு மேல் வருகிறது. கணக்கில் ஏதும் தவறா? ஜனவரியில் வருமானம் அப்படியே படுத்துவிடுகிறதே, ஏன்?

தவறு எதுவும் இல்லை, முறையே அப்படித்தான். 2020 ஜூன் 1-க்கு முன்பு சந்தா டவுன்லோடு ஒன்றுக்கு 25 முதல் 38 சென்ட் வரை நிலையான தொகை கொடுத்தார்கள். நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து மொத்தம் எவ்வளவு சம்பாதித்தீர்களோ அதை வைத்துத் தட்டு, அதாவது உங்கள் கட்டண நிலை, முடிவாகும். ஒருமுறை ஏறினால் இறங்குவது கிடையாது. அன்றைக்குப் பிறகு சதவீதக் கணக்கு வந்தது. ஒரு காலண்டர் ஆண்டில் முதல் 100 படம் வரை 15%, 250 வரை 20%, 500 வரை 25%, 2,500 வரை 30%, 25,000 வரை 35%, அதற்கு மேல் 40%. வீடியோவுக்குத் தனி எண்ணிக்கை. ஜனவரி 1 அன்று பத்து வருடம் விற்றவரும் நேற்றுச் சேர்ந்தவரும் மறுபடி 15 சதவீதத்தில் நிற்பார்கள்.

இனி அந்த 10 சென்ட். மாதம் 750 படம், 199 டாலர் என்ற சந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். படம் ஒன்றின் விலை 26.5 சென்ட். அதில் 15% என்றால் 4 சென்ட்கூட வராது. அவ்வளவு கீழே போகாமல் இருக்கத்தான் 10 சென்ட் என்று ஒரு தரை போட்டிருக்கிறார்கள். இதே சந்தாவில் உச்சத் தட்டான 40 சதவீதத்துக்கும் 10.6 சென்ட்தான். 10 படம் 29 டாலர் என்ற சிறிய திட்டத்தில் வாங்கியவர் இறக்கினால் விலை 2.90 டாலர், உங்கள் 15% ஏறக்குறைய 43 சென்ட். ஆக, ரேட்டைத் தீர்மானிப்பது உங்கள் படம் இல்லை, வாங்குபவரின் திட்டம். 750-இல் அவர் 60 மட்டும் இறக்கினாலும் வகுப்பது 750-ஆல்தான். இறக்காமல் விட்ட 690 படத்தின் காசு நிறுவனத்தோடு நின்றுவிடும்.

சதவீதத்தைவிட மோசமானது ஜனவரிப் பூஜ்யம் என்பதே எங்கள் கருத்து. பழைய படங்களுக்கு இருந்த மூப்பு மரியாதையை அது எடுத்துவிட்டது. நாள் கணக்குப் பார்த்து மனம் நோகாமல், மாதக் கடைசியில் தளவாரியாக மொத்த வருமானத்தை மொத்த டவுன்லோடால் வகுத்து எழுதி வாருங்கள். ஒரு வருடத்து எண்கள் சேர்ந்ததும் எந்தத் தளம் தேய்கிறது என்று தெரிந்துவிடும்.

ஐஸ்டாக்கில் எக்ஸ்க்ளூசிவ் ஆகலாமா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே எக்ஸ்க்ளூசிவ் என்பது படத்துக்கு இல்லை, ஆளுக்கு. புகைப்படத்தில் எக்ஸ்க்ளூசிவ் ஆனால், ராயல்டி-ஃப்ரீ முறையில் (ஒருமுறை காசு கொடுத்தவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும் முறை) உங்கள் புகைப்படம் எதையும் வேறெங்கும் விற்கக் கூடாது. அவர்களே வேண்டாம் என்று ரிஜெக்ட் செய்த படத்தையும்தான். இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

எக்ஸ்க்ளூசிவ் இல்லாதவருக்குப் புகைப்படத்தில் 15%, எக்ஸ்க்ளூசிவ் ஆனால் 25-இல் தொடங்கி 45 வரை. 15 என்பது 25 ஆனால் அதே விற்பனைக்கு 1.67 மடங்கு பணம். அப்படியானால் இன்று உங்கள் மொத்த ஸ்டாக் வருமானத்தில் ஐஸ்டாக் பங்கு 60% இருந்தால்தான் மற்றவற்றைக் கைவிட்டாலும் சமமாக வரும். தேடலில் முன்னுரிமை, கூடுதல் விலை என்று கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் 20% பங்கு இருப்பவர் மாறுவது நட்டம்.

வெளியே வர 30 நாள் முன்னறிவிப்பு போதும், உள்ளே போவதுதான் சிரமம். மற்றத் தளங்களிலிருந்து எல்லாவற்றையும் முதலில் நீக்க வேண்டும். ட்ரீம்ஸ்டைமில் ஏற்றியவற்றில் 70 சதவீதத்தைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எக்ஸ்க்ளூசிவ் யோசனை இருந்தால் அங்கே புதிதாக ஏற்றுவதை இன்றே நிறுத்துங்கள்.

ஐஸ்டாக்கை 2000-இல் தொடங்கி 2006-இல் கெட்டி என்ற பெரிய பட நிறுவனத்துக்கு 5 கோடி டாலருக்கு விற்ற புரூஸ் லிவிங்ஸ்டன்தான் பின்னாளில் ஸ்டாக்ஸி என்ற கூட்டுறவு அமைப்பைக் கனடாவில் தொடங்கினார். படம் தருபவர்களே அதில் உறுப்பினர்கள். சாதாரண லைசென்ஸுக்கு 50%, படத்தைப் பொருளில் அச்சிட்டு விற்கவும் இடம் தரும் விரிவான லைசென்ஸுக்கு 75%. விண்ணப்பித்துத் தேர்வானால்தான் இடம், படமும் அவர்களுக்கு மட்டுமே.

என்னைக் கேட்காமலே என் படங்களை ஏஐ பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார்களாமே. நிறுத்த முடியுமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் மாறும்.

ஷட்டர்ஸ்டாக், ஓப்பன்ஏஐயோடு உள்ள உறவை 2022 அக்டோபரில் அறிவித்தது. பயிற்சித் தரவாகப் போன படங்களுக்குத் தனி நிதியிலிருந்து பங்கு தருகிறார்கள். கணக்கு அமைப்பில் தரவு உரிமத்துக்கான சுவிட்ச் இருக்கிறது. வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு போகும் தொகுப்புகளில்தான் உங்கள் படம் இருக்காது, ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

அடோபி, படம் உருவாக்கும் தன் ஏஐயான ஃபயர்ஃப்ளையை 2023 மார்ச்சில் வெளியிட்டது. அடோபி ஸ்டாக் படங்களே அதன் முக்கியத் தீனி. இங்கே அந்தச் சுவிட்ச் கிடையாது. சேரும்போது ஒப்புக்கொண்ட விதிகளே அனுமதி தருகின்றன என்பது அவர்கள் வாதம். 2023 செப்டம்பரில் முதல் போனஸ் வந்தது. ஏற்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையையும் அவை எத்தனை முறை விற்றன என்பதையும் வைத்துக் கணக்கிட்டார்கள். எந்தப் படம் எவ்வளவு உதவியது என்ற விவரம் இல்லை. பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம் என்பவருக்கு, அங்கே ஏற்றாமல் இருப்பது மட்டுமே வழி.

மின்னஞ்சலைப் படிக்காமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஐஎம் (EyeEm) என்ற புகைப்படத் தளம் உதாரணம். 2023-இல் ஃப்ரீபிக் என்ற இன்னொரு படத் தளம் அதை வாங்கியது. 2024-இல் ஏஐ பயிற்சிக்கு இடம் தரும்படி விதியை மாற்றி, சம்மதமில்லாதவர்கள் படங்களை நீக்கிக்கொள்ள 30 நாள் கொடுத்தார்கள். மறந்துபோன பழைய கணக்குகளில் கிடந்த படங்களுக்கும் அதே கெடுதான். இன்றே உட்கார்ந்து, எங்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

என் படம் ஒரு கம்பெனியின் இணையதளத்தில் இருக்கிறது. என் விற்பனைக் கணக்கில் காணோம். திருட்டுதானே?

அவசரப்படாதீர்கள். பல நேரம் இது மறுவிற்பனைக் கூட்டாளி வழியாகவோ, ஒரு வடிவமைப்பு மென்பொருளுக்குள் இருந்தோ எடுத்த படமாக இருக்கும். வாங்கியவர் யார் என்று ஏஜென்சி பெரும்பாலும் சொல்லாது. படத்தை நீங்கள் எத்தனை தளத்தில் வைத்திருக்கிறீர்களோ அத்தனை வழியில் அது போயிருக்கலாம்.

முதலில் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தில் வாட்டர்மார்க்கின் மிச்சம் தெரிகிறதா, அளவு உங்கள் முன்னோட்டப் படத்தின் அளவேதானா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றால் காசு கொடுக்காமல் எடுத்ததற்கான வலுவான அறிகுறி. பிறகு படத்தின் எண்ணோடு ஏஜென்சிகளுக்கு எழுதுங்கள், லைசென்ஸ் உண்டா இல்லையா என்று அவர்கள் பார்ப்பார்கள். எல்லோரும் இல்லை என்ற பிறகுதான் அந்தக் கம்பெனிக்குக் கடிதம். முந்திக்கொண்டு மிரட்டி எழுதினால், லைசென்ஸ் வாங்கிய வாடிக்கையாளரைத் துரத்தியதாக ஏஜென்சியே உங்கள்மேல் கோபப்படும்.

டி-ஷர்ட், குவளை, காலண்டர் என்று படத்தையே பொருளாக விற்றிருந்தால் விஷயம் வேறு. அதற்குச் சாதாரண லைசென்ஸ் போதாது, விரிவான லைசென்ஸ் வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சுட்டி ஏஜென்சிக்கு எழுதினால் சில நேரம் கூடுதல் தொகை வந்து சேரும்.

நிறுவனம் என் படத்தை வேறொரு கூட்டாளிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் தடுக்கவே முடியாதா?

ஒப்பந்தத்தில் கூட்டாளி விற்பனைக்கு அனுமதி இருக்கும், தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டமாகச் சேர்ந்தால் அசைகிறது. கூகுள் டிரைவில் பயன்படுத்த கெட்டி ஒரு தொகுதிப் படங்களைக் கொடுத்தது 2013 ஜனவரியில் வெளியே தெரிந்தது. ஒரு படத்துக்கு ஒருமுறை 12 டாலர், அதோடு சரி. பிப்ரவரி 2-ஐ நாள் குறித்து ஐஸ்டாக் கலைஞர்கள் ஆயிரக்கணக்கான படங்களை நீக்கினார்கள். மறு வருடம், எந்தப் படமும் ஒரு டாலர் என்று ஃபோட்டோலியா என்ற ஸ்டாக் தளம் நடத்திய டாலர் ஃபோட்டோ கிளப்புக்கும் இதே எதிர்ப்பு. அந்தத் தளம் 2016-இல் மூடப்பட்டது. தனியாளாக உங்களால் முடிந்தது, கணக்கில் உள்ள சம்மதப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

ஜல்லிக்கட்டு, பொங்கல் படங்கள் ரிஜெக்ட் ஆகின்றன. தரம் நன்றாகத்தான் இருக்கிறது.

தரம் பிரச்சினை இல்லை, பிரிவுதான் பிரச்சினை. அடையாளம் தெரியும் ஒவ்வொரு முகத்துக்கும் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் (படத்தில் இருப்பவர் தரும் சம்மதப் படிவம்) இல்லாமல், விளம்பரத்துக்குப் போகும் வணிகப் பிரிவில் ஏற்க மாட்டார்கள். நான்கு பேர் என்றால் நான்கு படிவம், குழந்தைக்குப் பெற்றோர் கையெழுத்து. சாட்சி இடத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டால் திரும்பி வரும்.

ஜல்லிக்கட்டுக் கூட்டத்திடம் படிவம் நீட்ட முடியாது. அதை ஷட்டர்ஸ்டாக்கில், விளம்பரத்துக்கு இல்லாமல் செய்திக்குப் பயன்படும் எடிட்டோரியல் பிரிவில் ஏற்றுங்கள். தலைப்பில் முதலில் ஊர், நாடு, பிறகு கோடு, படமெடுத்த தேதி, முக்காற்புள்ளி, அதன் பின் நடந்தது என்ன என்ற வரிசை இருக்க வேண்டும். எடிட்டோரியல் படத்தில் எதையும் அழித்துத் திருத்தாதீர்கள். அடோபியின் எடிட்டோரியல் பிரிவு பொருள், பிராண்டு, இடங்களுக்குத்தான், அடையாளம் தெரியும் ஆட்களுக்கு இல்லை. அதனால் அங்கே ஜல்லிக்கட்டை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொங்கல் படத்தில் பானையை விட்டு ஓரங்களைப் பாருங்கள். பின்னால் சாய்ந்திருக்கும் அரிசிச் சாக்கில் கம்பெனிப் பெயர், திண்ணையோரம் நிற்கும் பைக்கின் டேங்க் எழுத்து, சுவரில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர், கரும்புக்குப் பக்கத்தில் எண்ணெய் டின். இந்த நான்கும்தான் திருப்பி அனுப்பவைப்பவை. 100 சதவீத அளவில் பெரிதாக்கி இடமிருந்து வலமாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, துடைத்துவிட்டு அனுப்புங்கள்.

அமெரிக்க வரி 30% பிடிக்கிறார்கள். குறைக்க வழி?

நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று தெரிவிக்கும் டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தைத் தளத்தில் நிரப்புங்கள். பிடித்தம் அமெரிக்காவில் உள்ளவர் வாங்கியதற்கு மட்டும்தான். இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவுப்படி பதிப்புரிமை ராயல்டிக்கு 15%, இலங்கையில் இருப்பவருக்கு 10%. மாதம் 100 டாலரில் 40 டாலர் அமெரிக்க விற்பனை என்றால், 12 டாலர் பிடிக்க வேண்டிய இடத்தில் இந்தியருக்கு 6, இலங்கையருக்கு 4.

இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எண்ணைப் போட வேண்டும். நம்மூரில் இடறுவது இனிஷியலில்தான். தளத்தில் ‘க. முருகன்’, பானில் ‘முருகன் கந்தசாமி’, வங்கியில் ‘முருகன் கே’ என்று மூன்று பெயர் இருந்தால் படிவமோ பணமோ எங்காவது நிற்கும். பானில் உள்ளபடியே எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள். கையெழுத்திட்ட ஆண்டும் அடுத்த மூன்று காலண்டர் ஆண்டுகளும்தான் படிவம் செல்லும். காலாவதியானால் மறுபடி 30-க்குப் போய்விடும். அங்கே பிடித்த வரியை இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அதற்குத் தனிப் படிவம் உண்டு, உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இலவசத் தளங்களில் கொஞ்சம் போட்டால் பெயர் கிடைக்கும் என்கிறார்களே?

பெயர் கிடைக்கலாம். இலவசத் தளங்களில் அன்ஸ்பிளாஷ் 2021 முதல் கெட்டியின் கையில், பெக்செல்ஸும் பிக்ஸாபேயும் 2019 முதல் வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான கேன்வாவின் கையில். இலவசமாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. படத்தை நீக்கினாலும் ஏற்கெனவே எடுத்தவரின் உரிமை போகாது. விற்கும் தொகுப்பிலிருந்து ஒன்றைக்கூட அங்கே போடாதீர்கள்.

எந்தக் காரணமும் சொல்லாமல் கணக்கை மூடிவிட்டார்கள். இருந்த பாக்கியும் போயிற்று.

பொதுவான காரணங்கள் நான்கு: படத்தில் இல்லாததைக் கீவேர்டாகத் திணிப்பது, ஒரே காட்சியை லேசாக மாற்றிப் பத்துப் பதினைந்து முறை ஏற்றுவது, ஒருவர் பெயரில் இரண்டு கணக்கு, அடுத்தவர் படம். இதில் கடைசி உங்கள்மேல் தவறாக விழுந்திருந்தால் ரா ஃபைலும் (கேமரா பதிவு செய்த மூல ஃபைல்) அதே வரிசையில் முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களும்தான் சாட்சி. அவற்றைச் சேர்த்து, கணக்கு எண்ணோடு மேல்முறையீடு அனுப்புங்கள்.

இனி வேறு தளத்தில் தொடர்பவர்கள் பாக்கியைத் தேங்கவிடாதீர்கள். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால் எடுக்கலாம், முதல் விற்பனையிலிருந்து 45 நாள் கடந்திருக்க வேண்டும். அலமியில் 50 டாலர், ட்ரீம்ஸ்டைமில் 100. தலைப்பையும் கீவேர்டையும் தளத்தின் கட்டங்களில் தட்டாமல், லைட்ரூம், பிரிட்ஜ் போன்ற படம் கையாளும் மென்பொருளில் ஃபைலுக்குள்ளேயே எழுதுங்கள். அடோபிக்கு அதிகபட்சம் 49 கீவேர்டு, அதில் முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அப்படி எழுதி வைத்தால், கணக்கு போனாலும் இரண்டாயிரம் படத்துக்கும் மறுபடி உட்கார்ந்து கீவேர்டு தட்ட வேண்டியிருக்காது.