நம் குதிரை வேறொருவருக்கு நன்றாக ஓடும்போது

பிசான அறுவடை முடிந்து, தாமிரபரணிப் பாசன வயல்கள் தாளோடு காய்ந்து கிடக்கும் பங்குனியில்தான் நம் பக்கத்துக் குதிரைக்காரர்கள் ஒருவரையொருவர் அதிகம் சந்திக்கிறோம். தார் ரோட்டை விட்டு இறங்கி, குளம்புக்கு இதமான மண்ணில் ஓட்டக் கிடைக்கும் நாட்கள் அவை. சேர்ந்த இடத்தில் ஒருவர் குதிரையில் இன்னொருவர் ஏறிப் பார்ப்பதும் நடக்கிறது. லாடம், கொள்ளு, வயிற்றுவலி என்று வழக்கமாக என்னிடம் கேட்பவர்கள், அதன்பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு ஒன்றைக் கேட்கிறார்கள். முப்பது வருடமாகக் குதிரைகளோடு இருப்பவன் என்ற முறையில், இந்த வருடம் வந்த அத்தகைய கேள்விகளுக்கு ஊரை மட்டும் சொல்லிப் பதில் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, இரண்டு வருடமாக ஒரு மார்வாரி இனப் பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன். எனக்குக் கேன்டர், அதாவது நடுத்தர வேகப் பாய்ச்சல், போகவே போகாது. தலையை உதறிக்கொண்டு நின்றுவிடும். லீவுக்கு வந்த அக்கா மகன் ஏறிப் பத்தே நிமிடத்தில் பூப்போல ஓட்டிக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. என் மனசு அவ்வளவு சின்னதா?

மனசு சின்னது என்றால் நீங்கள் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். குதிரை சரியில்லை, பையன் அடித்து ஓட்டினான் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் குதிரை ஒரு சாம்பல் நிறப் பெட்டை. வாய் கெட்டியான குதிரை, பிடித்த பிடிக்கு நிற்காது என்று மூன்று வருடம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாளையங்கோட்டையில் முன்பு ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் கடிவாள வாரைத் தளர்த்தினார். இழுப்பார் என்று எதிர்பார்த்துக் கழுத்தை விறைத்து நின்ற குதிரை, இழுப்பு வராததால் குழம்பியது. பிறகு மெல்லத் தலையைக் கீழே இறக்கி, மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விட்டது. அவருடைய மோதிர விரலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரத் துணியைப் பிழிவதுபோல அந்த விரல் மூடும். குதிரை இணங்கியதும் உடனே திறக்கும். அவ்வளவுதான் அவர் செய்த வேலை. வயலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, “நல்ல பிள்ளை இது” என்று சொல்லி வாரை என் கையில் கொடுத்தார்.

எனக்கு அன்று அவர்மேல் பொறாமை வந்தது உண்மை. ஆனால் சாயங்காலம் கொள்ளு வைக்கும்போது தொண்டையை அடைத்தது வேறொன்று. மூன்று வருடமாக என் கையின் குற்றத்தை அந்த வாயில்லாச் சீவனின் தலையில் ஏற்றிவைத்திருந்தேன். ஊரெல்லாம் அதைக் கெட்ட குதிரை என்று சொல்லியும் வைத்திருந்தேன். உங்களுக்கும் அந்த ராத்திரி சோறு இறங்காததற்கு அக்கா மகன் காரணமில்லை என்று நினைக்கிறேன். உங்கள் குதிரை நல்ல குதிரை என்று அன்றுதான் உங்களுக்குத் தெரிந்தது. அது சந்தோஷமான செய்தி, ஆனால் தாமதமாக வந்த செய்தி. அதனால்தான் வலிக்கிறது.

அவன் ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னும் நான்கு தடவை ஏறச் சொல்லுங்கள்.

தென்காசி: அதே குதிரை, அதே சேணம், அதே கடிவாளம். ஆள் மாறியதும் பத்து நிமிடத்தில் எப்படி இவ்வளவு மாறுகிறது? ஏதாவது வசியமா?

வசியம் எதுவும் இல்லை. முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் பிராணி அது. அந்த முதுகின்மேல் எழுபது கிலோ எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாமலா போகும்? நீங்கள் மூச்சைப் பிடித்தால் தெரியும். தொடை இறுகினால் தெரியும். பயந்து முன்னால் குனிந்தாலும் தெரியும்.

ட்ராட், அதாவது துள்ளு நடை, எடுக்கும்போது குதிரை எதிரெதிர்க் கால்களைச் சோடியாக வைக்கிறது. முன் இடது, பின் வலது. அடுத்து முன் வலது, பின் இடது. ஒவ்வொரு சோடி மாறும்போதும் முதுகு உங்களை மேலே தள்ளும். அந்தத் தாளத்தோடு எழுந்து உட்காரத் தெரியாதவர் ஒவ்வோர் அடிக்கும் மூட்டைபோல முதுகில் விழுகிறார். விழாமலிருக்க வாரைப் பிடித்துத் தொங்குகிறார். கடிவாள இரும்பு எங்கே இருக்கிறது தெரியுமா? முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளியில், மெல்லிய ஈறு மூடிய எலும்பின்மேல். அங்கே தொங்கினால் எந்தக் குதிரையும் தலையை உதறும், முதுகை மரக்கட்டையாக்கிக்கொள்ளும். நன்றாக ஏறத் தெரிந்தவர் வந்ததும் முதுகில் அடி நிற்கிறது, வாயில் இழுப்பு நிற்கிறது. குதிரை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வலி நின்றதும் தனக்கு ஏற்கெனவே தெரிந்த நடையை நடக்கிறது.

நூறு வருடத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தானறியாமல் துளி அசைந்தது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. எதிரே நிற்பவரின் அந்த அசைவையே படித்த சாதி, முதுகில் இருப்பவரின் நடுக்கத்தைப் படிக்காதா?

களக்காடு: அவனிடம் இவ்வளவு இணக்கமாக இருக்கிறதே, என்னைவிட அவனைத்தான் பிடிக்கிறதோ?

காலையில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் கனைக்கிறதா? அப்படியானால் கவலை வேண்டாம். நன்றாக ஏறுபவரின் கீழ் அதற்கு உடம்பு சுகமாக இருக்கிறது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

வள்ளியூர்: பன்னிரண்டு வயது மகள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். எனக்கு அடம்பிடிக்கும் குதிரை அவளுக்கு அடங்கி நடக்கிறது. என் எடை 92 கிலோ. “அப்பனுக்கு வராதது மகளுக்கு வருது” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுகிறார்கள். பெருமையாகவும் இருக்கிறது, என்னவோபோலவும் இருக்கிறது.

இரண்டும் இருக்கட்டும். பெற்ற பிள்ளை நம்மைத் தாண்டும் இடத்தில் இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஒன்றைத் துரத்தினால் மற்றதும் போய்விடும்.

எடையை நீங்களே சொன்னதால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 350 கிலோக் குதிரைக்கு அது 70 கிலோ. உங்கள் எடையோடு சேணத்தையும் கூட்டினால் நூறு கிலோவைத் தொடும். அது அடம் பிடிக்கவில்லை; சுமை தாங்கவில்லை என்று சொல்லிப் பார்க்கிறது. எடை குறையும்வரை நீங்கள் ஏற வேண்டாம். மகள் ஏறட்டும், தலைக்கவசம் இல்லாமல் ஒரு நாளும் ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை உங்களுக்கு இல்லை.

கங்கைகொண்டான்: எனக்குச் சொந்தமாகப் பந்தயக் குதிரை வண்டி இருக்கிறது. சாரதிக்குச் சம்பளம் கொடுத்து ஓட்டுகிறேன். பரிசு என் பெயரில் வருகிறது. ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் அவன் பெயரைச் சொல்லித்தான் கூவுகிறது. முதல் போட்ட எனக்கு என்ன மிச்சம்?

கோபப்படாமல் கேளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ நம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே காயல் துறைமுகத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. பாண்டியர்கள் பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. அவற்றைப் பேணத் தெரிந்த ஆள் இங்கே இல்லை என்பதே அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் மண்ணில் குதிரைக்குப் பணம் போட ஆள் இல்லாத காலம் இருந்ததில்லை. தெரிந்த கை கிடைப்பதுதான் அன்றும் அரிது, இன்றும் அரிது.

உங்களுக்கு அந்தக் கை கிடைத்திருக்கிறது. பரிசுத் தொகையில் அவனுக்கு உரிய பங்கை ரோட்டிலேயே, எல்லோரும் பார்க்கக் கொடுங்கள். அவன் இறங்கிப் போனபின் நான்கு காலையும் கையால் தடவிப் பார்த்து, சூடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஈரத் துணி சுற்றுவது நீங்கள்தானே? அதைச் செய்கிறீர்கள் என்றால் அந்த ஓட்டத்தில் பாதி உங்களுடையது. செய்யாவிட்டால் முதலில் அதைத் தொடங்குங்கள்.

திசையன்விளை: அண்ணாச்சி, நான் பெண். என் குதிரையைப் பழக்குநர் ஒருவரிடம் விட்டிருக்கிறேன். அவர் ஏறினால் கழுத்தை வளைத்துக்கொண்டு ஆட்டம் ஆடுகிறது. எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று படுகிறது. சொன்னால் “உனக்குப் பொறாமை” என்கிறார்கள்.

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றையும் எழுத உட்கார்ந்தேன். நன்றாக ஓட்டுவது வேறு; நன்றாக ஓடுவதுபோல் காட்டுவது வேறு. கூட்டத்துக்குக் கழுத்து வளைவு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு உங்கள் குதிரையைத் தெரியும்.

அவர் இறங்கியதும் நீங்களே போய்ப் பாருங்கள். கடைவாயின் இரண்டு ஓரத்திலும் தோல் உரிந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா? நாக்கில் தழும்பு உண்டா? விலாவில் ஏறுபவரின் குதிகால் முள் குத்திய இடத்தில் முடி உதிர்ந்திருக்கிறதா? சேணத்தைக் கழற்றியதும் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேர்த்திருக்க வேண்டும். அந்த வேர்வைக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கே முதுகைத் தாழ்த்திக்கொள்கிறதோ அங்கே வலி.

மார்வாரிக்குக் காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். அந்தக் காது ஓட்டத்தின்போது முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தால் ஏறியிருப்பவரைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறது. பின்னால் ஒட்டியபடியே இருந்து, வாலும் சாட்டைபோல வீசிக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொண்டு ஓடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி மறுநாள் காலை. சேணத்தைத் தூக்கிக்கொண்டு நீங்கள் லாயத்துக்குள் போகும்போது அது முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தால், குதிரையை அன்றே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் சரி. காயம் ஒன்றும் இல்லை, காலையில் உங்களைத் தேடி வருகிறது என்றால், அவர் உண்மையிலேயே நன்றாக ஓட்டுகிறார். அப்போது நீங்கள் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

சேரன்மகாதேவி: கேட்பவர்களுக்கெல்லாம் குதிரையைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். கொடுத்தால் நேரம் சொல்லிக் கொடுங்கள். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குமேல் ஓட்டக் கூடாது. தார் ரோட்டில் பாய்ச்சல் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை ஏற்காதவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் கொடுக்காதீர்கள்.

நாங்குநேரி: நன்றாக ஓட்டுபவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் வந்துவிடுமா?

பார்த்தால் பாதி வரும். மீதிக்கு ஒரு வழி உண்டு. அவர் ஓட்டி முடித்து இறங்கியதும், குதிரையின் உடம்பு சூடாக இருக்கும்போதே நீங்கள் ஏறுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் அது அவருடைய குதிரைதான். அந்த முதுகு எப்படி மேலே எழும்பி உங்களைத் தாங்குகிறது, வாயில் எவ்வளவு லேசான பிடி போதுமாக இருக்கிறது என்பதை உடம்பால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாவது நிமிடம் பழைய விறைப்பு வரத் தொடங்கும். வந்ததும் இறங்கிவிடுங்கள், போராட வேண்டாம்.

அவரையே நடுவில் நிற்கவைத்து, நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடச் சொல்லுங்கள். நீங்கள் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாமல், வாரைத் தொடாமல், பிடரியை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம். சில மாதங்களில் உட்காரும் இடம் பிடிபடும். கை அதன்பிறகு தானாக அமைதியாகும். தேரி மணலில் இதைச் செய்யாதீர்கள். ஆழமான மணல் குதிரையின் கால் தசைநாண்களைக் கெடுக்கும். அறுத்த வயலின் இறுகிய மண்தான் சரி.

கல்லிடைக்குறிச்சி: எனக்கு 68 வயது. இடுப்பு எலும்பு தேய்ந்து, இனி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினான்கு வருடமாக நான் ஓட்டிய குதிரையை இப்போது பக்கத்துத் தெருப் பையன் ஓட்டுகிறான். நான் ஓட்டியதைவிட நன்றாகவே ஓட்டுகிறான். வரப்பில் உட்கார்ந்து பார்க்கும்போது கண் நிறைந்துவிடுகிறது. பார்க்கப் போகாமல் இருந்துவிடலாமா?

போங்கள். கண் நிறைந்தால் நிறையட்டும். நீங்கள் பதினான்கு வருடம் வாயைக் கெடுக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பையனின் கைக்கு அது இவ்வளவு சீக்கிரம் கேட்கிறது. அதை அவனிடம் நான் வந்து சொல்கிறேன்.

ஓட்டி முடித்ததும் வரப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். இடது பக்கம் நின்று வயிற்றுவாரை நீங்கள் தளர்த்துங்கள். வீட்டுக்கு நடத்திப் போகும்போது தலைக்கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் இடுப்பு நடக்கும் வேகத்துக்கு அது நடக்கும். சேணத்தைத் தூக்குவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் பையன் செய்யட்டும். கடிவாளத்தைக் கழற்றும் வேலையை மட்டும் அவனுக்கு விடாதீர்கள்.