நிலத்தை விற்க வேண்டாம், அவளை மட்டி படிக்கவிடுங்கள்

தூத்துக்குடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவ இடம் கிடைக்காது. நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். மகளோ கரையில் பொறுக்கிய மட்டி (இரட்டை ஓடுள்ள சிப்பி வகை) ஓடுகளை நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. விற்காதீர்கள். இளையவனின் படிப்புக்கும் அந்த நிலம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு அதை அழிப்பது பிள்ளைகள் இருவருக்குமே அநியாயம்.

அவள் வரைந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிப்புற வண்ணத்தை விட்டுவிட்டு ஓட்டின் உட்புறத்தை வரைந்திருக்கிறாள்: இரண்டு ஓடுகளும் இணையும் இடத்தில் உள்ள கீல் பற்கள், இரண்டு தசைத் தழும்புகள், அவற்றை இணைக்கும் கோடு, அது ஓரிடத்தில் உள்வாங்கும் குழிவு. உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் அறிஞர்கள் பார்ப்பதும் இவற்றைத்தான். நிறமும் வரியும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். கீல் பற்களின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. குழிவு ஆழமாக இருந்தால், நீண்ட உறிஞ்சுகுழலோடு மணலுக்குள் ஆழப் புதைந்து வாழ்ந்த மட்டி என்று வெறும் ஓட்டை வைத்தே சொல்லலாம்.

புதிய இனம் என்று அறிவிக்க இது மட்டும் போதாது. பல மாதிரிகளை காலிபர் என்ற அளவுக் கருவியில் அளக்க வேண்டும், சதையை அறுத்துப் பார்க்க வேண்டும், டிஎன்ஏ வரிசையை ஒப்பிட வேண்டும். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டவை முதல் பழைய விவரிப்புகளையெல்லாம் தேடிப் படிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு மாதிரியை ‘ஹோலோடைப்’ (அந்த இனப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) என்று குறித்து, அருங்காட்சியகம் போன்ற நிலையான சேகரிப்பில் வைத்து, விவரிப்பை வெளியிட வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று அண்ணன் கேட்பார். குமரிக் கரைப் பாறைகளில் பறிக்கும் பழுப்புச் சிப்பியை 1976-இல் குரியாகோஸும் நாயரும் ‘பெர்னா இண்டிகா’ என்ற தனி இனமாக விவரித்தார்கள். பிற்பாடு செய்த மரபணு ஒப்பீடு, ஆப்பிரிக்க, தென்னமெரிக்கக் கரைகளில் உள்ள ‘பெர்னா பெர்னா’தான் அது என்று காட்டியது. நம் கடலில் மட்டுமே உள்ள உயிரா, உலகெங்கும் பரவியதா என்று தெரியாமல் எதைப் பாதுகாப்பது, எதை வளர்ப்பது?

பாதை இதுதான். உங்கள் ஊர் வ.உ.சி. கல்லூரியிலேயே விலங்கியல் இருக்கிறது. விடுதிச் செலவுகூட இல்லை. அடுத்து, வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முதுகலை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை) பெற்றால், 2023-இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் சென்னையில் இருக்கிறது.

நிரந்தர வேலை சீக்கிரம் கிடைக்காது. முனைவர் பட்டம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்தத் திட்டங்களில்தான் ஓடும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் அவள் இதையே கேட்டால் குறுக்கே நிற்காதீர்கள். அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பேசவைக்காதீர்கள்.