பழுப்புக் குள்ளனோட எடைய எப்படி அளக்குறாங்க? ஒரு ஜோடில சின்னது எப்படி பெருச விட சூடா இருக்கும்?

இதுக்கு ஓரியன் நெபுலாங்குற, நட்சத்திரங்கள் பிறக்குற வாயு மேகத்துல இருக்குற ஒரு பழுப்புக் குள்ளன் ஜோடிதான் சரியான உதாரணம், 2006ல ஸ்டாசன், மாத்தியூ, வாலன்டிங்குற மூணு வானியலாளர்களும் நேச்சர் அறிவியல் இதழ்ல எழுதுனது. பழுப்புக் குள்ளன்னா ஹைட்ரஜனை தொடர்ந்து எரிக்கிற அளவுக்கு எடை சேராத நட்சத்திரம்னு வச்சுக்கோங்க.

இந்த ரெண்டும் சுமார் 9.8 நாளைக்கு ஒரு தடவை ஒண்ணையொண்ணு சுத்துது, நம்ம பார்வைல ஒண்ண ஒண்ணு மறைக்குது, அதாவது கிரகணம். வெளிச்சம் எவ்வளவு நேரம் குறையுதுன்னு பாத்தா சைஸ் தெரியும், டாப்ளர் வேகத்துல (அதாவது நம்ம பக்கம் வர்றப்பவும் விலகுறப்பவும் வெளிச்சத்தோட அலைநீளம் மாறுறத வச்சு அளக்குற வேகம்) எடை தெரியும், வேற எந்த மாடலையும் நம்ப வேண்டியதில்ல, அதான் இதோட பெரிய மதிப்பே. பெருசு வியாழன் மாதிரி சுமார் 57 மடங்கு எடை, சின்னது 36 மடங்கு. வயசு ஏறக்குறைய 10 லட்சம் வருஷம்தான், இன்னும் சுருங்கி முடியல, அதனால பெருசோட விட்டம் சூரியன்ல மூணுல ரெண்டு பங்கு இருக்கு! வயசான குள்ளன்லாம் வியாழன் சைஸ்தான்.

இப்ப சூட்டுக்கு வருவோம். ஒரே வயசுன்னா எடை கூடுனதுதான் சூடா இருக்கணும், இங்க சின்னதுதான் நூறு டிகிரிக்கு மேல சூடு. பெருசு 3.3 நாள்ல தன்னைத்தானே சுத்திருது, சின்னதுக்கு 14 நாள் ஆகுது. வேகமா சுத்துறதால பெருசுல காந்தப்புலம் பலமாகி, உள்ள இருந்து சூடு மேல வர்றத தடுக்குது, மேல கரும்புள்ளியும், அதாவது சூடு குறைஞ்ச இடங்களும், நிறைய வருதுங்குறதுதான் முக்கியமான விளக்கம், எனக்கும் அதுதான் சரியாப் படுது.