அச்சமா, துவேசமா?

அன்புள்ள ஐயா,

கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். 'ஸெனோஃபோபியா' என்பதை 'அந்நியர் வெறுப்பு' என்று எழுதினேன். மேலதிகாரியோ, "ஃபோபியா என்றால் பயம்தானே, 'அந்நியர் அச்சம்' என்று மாற்றுங்கள்" என்கிறார். எது சரி?

ச., தெஹிவளை

அன்புள்ள ச.,

வேர்ச்சொல்லைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். கிரேக்கத்தில் ஃபோபொஸ் என்றால் பயம். ஆனால் இந்தக் குழியில் நாம் முன்பும் விழுந்திருக்கிறோம். விசர்நாய்க்கடி முற்றியவருக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்கும், நடுங்குவார். அசல் பயம் அது. நாம் வைத்த பெயர் 'நீர்வெறுப்பு நோய்'. அங்கே பயத்தை வெறுப்பு என்றோம்; உங்கள் மேலதிகாரி வெறுப்பைப் பயம் என்கிறார்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினார். வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்கள் வெளியே சிரித்துப் பேசியது உள்ளே கேட்டது. பயந்தவன் பேச்சு அப்படி இருக்காது. பயம் எங்களிடம்தான் இருந்தது. பெரியம்மாவை அது கடைசிவரை விடவில்லை. 1996 மார்ச்சில் உலகக் கிண்ணம் வென்ற இரவு காலி வீதியெங்கும் வெடிச் சத்தம். அவர் லைட்டை அணைத்து, யன்னலைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் குந்தியிருந்தார். விடிந்ததும் அதே பக்கத்து வீட்டுக்குத் தோசை கொடுத்தனுப்பினார். 'அச்சம்' என்ற சொல் பெரியம்மாவுக்கு வேண்டும். அதை எடுத்துப் பட்டியலோடு வந்தவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு இடிப்பது 'அந்நியர்' தான். கிரேக்க ஸெனொஸுக்கு அந்நியன், விருந்தாளி என இரண்டு பொருளும் உண்டு. (நம் 'விருந்து'ம் அப்படித்தான், தொல்காப்பியத்தில் அதற்குப் புதுமை என்று பொருள்.) 2008இல் தென்னாப்பிரிக்காவில் பிழைக்க வந்த சிம்பாப்வேக்காரரையும் மொசாம்பிக்காரரையும் அடித்தார்களே, அதை 'அந்நியர் வெறுப்பு' என்றால் பொருந்தும். தலைமுறை தலைமுறையாக அடுத்த ஒழுங்கையில் இருப்பவர் எப்படி அந்நியர்? இலங்கைச் சங்கதி என்றால் நம் சனங்களின் வாயில் புழங்கும் 'துவேசம்' போதும். சிங்களத்திலும் அதே சொல்தான், 'த்வேஷய'. பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், லோபம், மோகத்தோடு சேர்த்துச் சொல்லும் மூன்று தீய குணங்களில் ஒன்று.

அப்புறம், நீங்கள் மொழிபெயர்ப்பது எந்த நாட்டுக் கதை என்று எழுதவே இல்லையே?