அட்டை பிரித்தல்: கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் பெரியவர்களிடம் அட்டைகளைக் கொடுத்து, பொருள்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று பார்த்து வருகிறேன். நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணே, முதலில் இது என்ன முறை?

ஒரு அட்டைக்கு ஒரு பொருளின் பெயர். நாற்பது அட்டையைக் கலைத்துப் பரப்பிவிட்டு, எது எதோடு சேரும் என்று தோன்றுகிறதோ அப்படி அடுக்கச் சொல்ல வேண்டும். குவியலுக்குப் பெயரும் அவரே வைத்தால் திறந்த முறை. பெயர்களை நாம் முன்பே எழுதி வைத்தால் மூடிய முறை, அது நாம் போட்ட வகை சரிப்படுகிறதா என்று பார்க்க மட்டும் உதவும். மனத்தில் இருக்கும் வகை தெரிய வேண்டுமா, திறந்த முறைதான். ஒன்று மட்டும்: அவர் தடுமாறினாலும் பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எத்தனை பேரிடம் செய்ய வேண்டும்?

டல்லிஸ், வுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் 168 பேரிடம் 46 அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் 15 பேரை மட்டும் எடுத்தாலே முழுக் கூட்டத்தின் முடிவோடு 0.90 அளவு ஒத்துப்போனது (1 என்றால் முழுப் பொருத்தம்), 30 பேருக்கு 0.95. அதனால் 15இலிருந்து 20 பேர் போதும். ஆனால் ரப்பர் பால்வெட்டுக்காரரையும் செம்பனை வேலைக்காரரையும் ஒப்பிடுவதானால் ஒவ்வொரு பக்கமும் அத்தனை பேர் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: என் அம்மா கத்தி, மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்), வாளி, பழைய சட்டை, கொசுவர்த்தி எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்தார். கருவி தனி, துணி தனி என்று பிரிக்கத் தெரியவில்லை. படிப்பில்லாததால் வந்த தவறுதானே?

இல்லை ஐயா, இதில் தவறு என்று ஒன்றில்லை. அந்தக் குவியலுக்கு என்ன பெயர் என்று கேட்டீர்களா? இதே அட்டைகளை நான் கொடுத்த ஓர் அம்மா கொசுவர்த்தியைக் கையில் எடுத்ததும் இன்னொரு கை தானாக இடுப்புக்குப் போனது, அங்கேதான் அதைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்கு, போவாராம். குவியலுக்கு "வேலைக்காட்டுச் சாமான்" என்று பெயர் வைத்தார். விடியுமுன் வீட்டிலிருந்து எது எது ஒன்றாகக் கிளம்புகிறதோ, அதுதான் அவருக்கு ஒரு வகை.

சோவியத் உளவியலாளர் லூரியா 1931, 32இல் உஸ்பெக்கிஸ்தான் விவசாயிகளிடம் சுத்தி, ரம்பம், கோடாலி, மரக்கட்டை நான்கில் சேராதது எது என்று கேட்டார். கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை என்று நாலையும் சேர்த்தே வைத்தார்கள். லைபீரியாவின் கெப்பெல்லே மக்களும் கத்தியை ஆரஞ்சுப் பழத்தோடு வைத்து, விவரமானவன் இப்படித்தான் செய்வான் என்றார்கள். முட்டாள் எப்படிச் செய்வான் என்று கேட்டதும் உணவு தனி, கருவி தனி என்று அழகாகப் பிரித்துவிட்டார்கள்! தெரியாமல் இல்லை ஐயா, நாம் கேட்ட விதம் அப்படி.

அவரே: அப்படியானால் பள்ளியில் இனம் பிரிக்கக் கற்றுக் கொடுத்தது வீணா?

வீணில்லை. அதுவும் ஒரு வழி, அது ஒன்றே வழி என்றால்தான் சண்டைக்கு வருவேன். அம்மா அடுக்கி முடித்ததும் "வேறு விதமாகவும் அடுக்க முடியுமா?" என்று இன்னொரு முறை கேளுங்கள். அந்த இரண்டாவது அடுக்கையும் எழுதி வையுங்கள். தயவுசெய்து அவர் கை வைத்ததை நீங்கள் திருத்த வேண்டாம்.

எத்தனை பேர் போதும்?

மேலே இருக்கிறது.

அப்பாவுக்கு மருத்துவமனையில் அட்டைத் தேர்வு வைத்தார்கள். அதுவும் இதுதானா?

இல்லை. அது 1948இல் வந்த விஸ்கான்சின் தேர்வாக இருக்கலாம். நிறம், வடிவம், எண்ணிக்கை என்று விதி சொல்லாமல் மாறும், ஆள் சமாளிக்கிறாரா என்று பார்ப்பார்கள். அங்கே சரி, தவறு உண்டு. முடிவை மருத்துவரிடமே கேளுங்கள்.

கணினி இல்லாமல் எப்படிக் கணக்குப் பார்ப்பது?

அட்டைப் பெயர்களை மேலும் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போடுங்கள். இரண்டு அட்டை ஒரே குவியலில் வந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. கோடு அதிகம் விழுந்த இடத்தில் வகை தெரியும். ஏன் சேர்த்தார் என்பதையும் அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், கட்டம் அதைச் சொல்லாது.

20 பேர் போதுமா அண்ணே?

தம்பி, மூன்றாவது தடவை. போதும்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. விட்டுவிடவா?

விடவே வேண்டாம். பொருள்களையே தரையில் பரப்புங்கள், இல்லையென்றால் படம். சேர்த்து வைத்தபிறகு பெயரைக் கேளுங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.