ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது எப்போது?

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்திற்கு வரும் போதகர் ஒருவர், இயேசுவை விசுவாசித்தால் மட்டும் போதாது, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து, லேவியராகமம் விலக்கிய இறைச்சியையும் தவிர்த்தால்தான் இரட்சிப்பு நிலைக்கும் என்கிறார். மோசேயின் மூலம் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்று ஆண்டவர் சொன்னதையும், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதையும் ஆதாரமாகக் காட்டுகிறார். சென்ற ஆண்டு காலமான என் தாயார் கிறிஸ்துவை முழுமனதோடு நம்பியவர். ஆனால் இவற்றைக் கைக்கொண்டதில்லை. அவருடைய நிலை என்ன? (ஒரு வாசகி)

பதில்: இந்தப் போதனை புதிதன்று. யூதேயாவிலிருந்து அந்தியோகியாவுக்கு வந்த சிலர், மோசேயின் முறைமைப்படி விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் சடங்கு) அடையாவிட்டால் நீங்கள் இரட்சிக்கப்பட மாட்டீர்கள் என்று அங்கிருந்த புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளைக் கலங்கடித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் கிறிஸ்துவை மறுக்கவில்லை; அவரோடு இன்னொன்றும் வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். அந்த "இன்னொன்றை"த்தான் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் ஏற்க மறுத்தார்கள். நம்முடைய பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தடியைச் சீஷர்களின் கழுத்தில் ஏன் சுமத்துகிறீர்கள் என்று கேட்ட பேதுரு, அவர்களைப் போலவே நாமும் கர்த்தராகிய இயேசுவின் கிருபையினால் இரட்சிக்கப்படுவோம் என்று நம்புவதாகச் சொன்னார். புறஜாதியாருக்கு எழுதிய நிருபத்தில் விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கைவிட்டு விலகும்படி கேட்டுக்கொண்டார்களே தவிர, விருத்தசேதனத்தையோ ஓய்வுநாளையோ அதில் சேர்க்கவில்லை.

விசுவாசமே போதும் என்பதற்கு அப்போஸ்தலனாகிய பவுல் காட்டும் சான்று ஒரு காலக்கணக்கு. ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம். இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86 என்பது 16-ஆம் அதிகாரம். அவர் விருத்தசேதனம் பெற்றது 17-ஆம் அதிகாரத்தில், 99-ஆம் வயதில். ஆகவே நீதிமானாக எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்திற்கும் இடையே குறைந்தது பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. நியாயப்பிரமாணமோ வாக்குத்தத்தத்திற்கு 430 ஆண்டுகளுக்குப் பின் வந்தது என்கிறது கலாத்தியர் 3:17. இஸ்ரவேலின் தகப்பன் நீதிமானாக எண்ணப்பட்ட நாளில் சீனாய் மலையும் இல்லை, கற்பலகையும் இல்லை, சுத்தமான இறைச்சி இது, அசுத்தமான இறைச்சி இது என்று மோசே எழுதிய பட்டியலும் இல்லை. அவருக்குப் போதுமானதாயிருந்த விசுவாசம் உங்கள் தாயாருக்கு மட்டும் ஏன் போதாமற்போகும் என்று அந்தப் போதகரிடம் கேளுங்கள்.

அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். பவுலும் அதே கேள்வியை எழுப்பி, அது நம்மைக் கிறிஸ்துவினிடம் வழிநடத்தும் உபாத்தியாய் இருந்தது என்கிறார். "உபாத்தி" என்றதும் நமக்குப் பள்ளி ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லோ, சிறுவனைக் கண்டித்துக் காத்து ஆசிரியரிடம் அழைத்துச்செல்லும் வீட்டு அடிமையைக் குறிப்பது. பிள்ளை வளர்ந்தபின் அவனுடைய பொறுப்பு முடிந்துவிடும். நிறைவேற்றவே வந்தேன் என்று ஆண்டவர் மத்தேயு 5:17-இல் சொன்னதை, நிறைவேற்றும் பாரத்தை அவர் நம்மேல் வைத்துவிட்டுப் போனதாகத் திரித்து வாசிக்கலாகாது.

யாக்கோபின் நிருபத்தை அவர் ஆதாரமாக எடுத்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த இரண்டாம் அதிகாரத்தின் 10-ஆம் வசனமே, நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொண்டும் ஒன்றிலே தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்கிறது. நியாயப்பிரமாணத்தால் இரட்சிப்பைக் காத்துக்கொள்ள விரும்புகிறவர் கிழமையையும் இறைச்சியையும் மட்டும் பொறுக்கியெடுக்க முடியாது. பலிகளும் விருத்தசேதனமும் உட்பட அனைத்தையும் அவர் சுமந்தாக வேண்டும். யாக்கோபு சொல்லும் கிரியைகள் எவை என்றும் பாருங்கள்: வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனுக்கு வேண்டியதைக் கொடுத்தல், ராகாப் தூதர்களை ஏற்றுக்கொண்டு காப்பாற்றியது, ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்தது. இந்த மூன்றாவது, ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்து நிகழ்ச்சி. நீதிமானாக எண்ணப்பட்டு நெடுங்காலம் ஆனபின் நடந்தது. ஆபிரகாம் எதனால் ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்பதைப் பவுல் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டவருடைய விசுவாசம் உயிருள்ளதுதானா என்பது யாக்கோபின் கேள்வி. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் எழுதியது, வெறும் ஒப்புதலை விசுவாசம் என்று நாம் எண்ணிவிடாதிருக்கவே. அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று பவுலும் கலாத்தியர் 5:6-இல் எழுதுகிறார். ஆகவே விசுவாசித்துவிட்டேன், இனி எப்படியும் வாழலாம் என்பவருக்கும் பவுலிடம் இடமில்லை.

ஒருவர் கர்த்தருக்கென்று சனிக்கிழமையை ஆசரிப்பதையோ, ஓர் உணவைத் தவிர்ப்பதையோ நான் குறைகூறவில்லை. ரோமர் 14 அந்தச் சுதந்தரத்தைத் தருகிறது. அதை இரட்சிப்பின் நிபந்தனையாக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. அந்தியோகியாவில் பேதுருவே பயந்து புறஜாதியாருடன் உண்பதை விட்டு விலகியபோது, பவுல் அதைச் சிறு சங்கடமாக எண்ணி விட்டுவிடாமல், சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு ஏற்றபடி அவர்கள் நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார்.

உங்கள் தாயாரைப் பற்றிக் கேட்டீர்கள். சிலுவையில் தொங்கிய கள்வன் ஓய்வுநாளைக் காட்டியோ, உண்ட உணவைக் காட்டியோ எதையும் கேட்கவில்லை. "ஆண்டவரே, என்னை நினைத்தருளும்" என்றுதான் கேட்டான். இன்றைக்கு என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்ற பதில் அவனுக்குக் கிடைத்தது. உங்கள் தாயார் நம்பியதும் அந்தப் பதிலைச் சொன்னவரைத்தான். அவரைக் குறித்துக் கலங்காதிருங்கள். அடுத்த முறை அந்தப் போதகர் வரும்போது, கலாத்தியர் நிருபத்தின் ஆறு அதிகாரங்களையும் அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.